டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

நாளையிலிருந்து தோளில் பை மாட்டப் போகும் தங்கைகளுக்கு,

டிக்கெட் கிழிப்பது, ஸ்டேஜ் பார்ப்பது, சில்லறை இல்லை என்று சண்டை பிடிப்பவரைச் சமாளிப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். குப்பையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன். அதற்குள் முதுகு போய்விட்டது. நின்றுகொண்டு போகும் வேலை இனி கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் டிப்போ அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் ஓய்வு பெற்றவளைப் போலப் பேசுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆரணி டவுன் பஸ்ஸில் ஏழெட்டு வருடம் நின்று பாருங்கள், பிறகு பேசுவோம்.

காலையில் டிப்போவிலிருந்து கிளம்பும்போது தரை கழுவிய ஈரத்தோடு இருக்கும். மதியத்துக்குள் அதே தரையில் வேர்க்கடலைத் தோல், சோளக்கட்டை, கரும்புச் சக்கை, பல்லால் கிழித்துக் குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர் பாக்கெட், பாக்கு உறை, குழந்தை வாந்தி, வாந்தியின் மேல் போட்ட மண். நம் ஊர் என்பதால் இன்னொன்றும் உண்டு. தறி வீடுகளிலிருந்து வருபவர்களின் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் பட்டு இழைப் பிசிறு. சிவப்பும் பச்சையுமாகச் சுருண்டு, கடலைத் தோலோடு கலந்து கிடக்கும். முதல் நாள் பார்த்தபோது அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அப்படி நினைக்கவில்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கற? பொம்பள கண்டக்டர்தானே, ஒரு கை தள்ளி வுட்டா இன்னா, தேஞ்சா பூடுவ?"

எங்கள் வீட்டில் பஸ் போர்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். அம்மா இன்றைக்கும் யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏறுவார். அந்த வீட்டிலிருந்து வந்து தோளில் பை மாட்டியவளிடம்தான் அவர் துடைப்பத்தைக் கொடுக்கப் பார்த்தார்.

"ஐயா, இந்தப் பைய மாட்டத்தான் நான் காலேஜ் வரைக்கும் படிச்சேன். கூட்டறதுக்கு டிப்போவுல ஆள் இருக்காங்க. ஆம்பள கண்டக்டரா இருந்தா அவர்கிட்ட இப்டி கேட்டிருப்பீங்களா?" என்றேன்.

பஸ்ஸில் சத்தம் எழுந்தது. படித்த திமிர் என்றாள் ஒருத்தி. அப்போது டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய்ச் சாலையோர மண்ணைத் தன் துண்டில் அள்ளி வந்து, வாந்தியின் மேல் தானே போட்டார். "ஏன் பெரியவரே, உங்களுக்குந்தான் ரெண்டு கையி கீது. அந்தப் பொண்ணு வேல டிக்கெட் குடுக்கறது. எடுத்தீங்களா டிக்கெட்டு?" என்றார். பெரியவர் எடுத்திருக்கவில்லை. பஸ்ஸே சிரித்தது.

இனி நான் சொல்லப் போவது அந்த டிரைவரைப் பற்றித்தான். அதனால் அவர் நல்லவர் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். என்னைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பஸ்ஸை அவர் லட்சுமி என்பார். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். முன்கண்ணாடியைத் தன் கையால் துடைத்து, மேலே மல்லிகைச் சரம் போட்டு, எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். யாராவது உள்ளே எச்சில் துப்பினால் இறக்கிவிட்டுவிட்டுத்தான் வண்டி நகரும்.

ஆனால் அவருக்கு வெற்றிலை இல்லாமல் ஓடாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. வாய் நிறைந்ததும் வலது பக்கம் தலையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே துப்புவார். ஓடுகிற வண்டியில் முன் ஜன்னலில் துப்பினால் அது எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்த ஜன்னலின் கீழ்ப்பக்கத் தகரம் எப்போதும் துரு பிடித்ததுபோல் சிவந்திருக்கும். தினமும் வருகிறவர்கள் அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள்.

இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணா, பின்னாடி ஜன்னல்ல தெறிக்குது."

"நான் வெளிலதானம்மா துப்பறேன். உள்ள ஒரு சொட்டு வுழுந்திருக்கா? லட்சுமியாட்டம் வெச்சிகினு கீறேன் வண்டிய."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் பஸ். வெளியே இருப்பது யாருடையதும் இல்லை. நம் ஜனங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதை இந்த வேலையில் நீங்களும் பார்ப்பீர்கள். வீட்டை மெழுகிக் கோலம் போட்டுவிட்டு, கூட்டின குப்பையைத் தெருவில் தள்ளிவிடுகிற ஊர் இது.

ஒரு நாள், தேவிகாபுரத்திலிருந்து ஆரணிக்கு வரும் மதிய டிரிப். செல்வி என்று ஒரு பெண் ஏறினாள். இருபத்தைந்து வயது இருக்கும். வீட்டில் ஒரு தறி. ஆரணி முதலாளி தறியில் ஏற்றப் பாவு நூலும் ஜரிகையும் கொடுப்பார், இவள் நெய்து கொண்டுபோய்க் கொடுப்பாள். இப்படி நெய்து கொண்டுவருபவர்கள் எங்கள் பஸ்ஸில் தினமும் நாலு பேராவது வருவார்கள். மல் துணியில் சுற்றிய புடவையை மடியில் குழந்தையைப் போல வைத்திருப்பார்கள். அவளுக்கு அன்று நேரமாகிவிட்டது. வேறு எங்கும் இடமும் இல்லை. காலியாக இருந்த டிரைவர் பின் சீட்டில், அது ஏன் காலி என்று தெரியாமல், ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் துணியைப் பிரித்தாள். சந்தன நிறப் பட்டு, அரக்கு பார்டர், உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஜரிகைப் பூ, புட்டா என்பார்கள். புட்டா போட்டால் பின்பக்கம் ஜரிகை இழை தொங்கும், அதை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டுத்தான் முதலாளியிடம் கொடுக்க வேண்டும். வீட்டில் வெட்ட நேரம் இல்லை போலிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் புடவையைப் புரட்டி வைத்துக்கொண்டு சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயோ" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். செல்வி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நெருப்பு பட்டவளைப் போல. கன்னத்தில் சிவப்புத் துளிகள். மடியில் சந்தன நிறத்தின் மேல் முந்தானையை ஒட்டி வரிசையாகச் சிவப்பு.

பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். "தண்ணி போடாதீங்க! போடாதீங்கம்மா! பார்டர் சாயம் ஓடிப்பூடும்" என்று செல்வி கத்தினாள். கன்னத்தைக்கூடத் துடைக்கவில்லை.

பஸ் முழுக்க ஒரே கேள்வி, யார் துப்பியது? தினமும் வருகிறவர்களுக்குத் தெரியும், ஆனால் டிரைவரைக் கை காட்ட அவர்களுக்குத் துணிவில்லை. இன்ஜின் பெட்டியின் மேல் கலசப்பாக்கம் பக்கத்து ஆள் ஒருவர் கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். வாய் சிவந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

"இவன்தான்யா! வாயப் பாரு."

"மோசம் பண்ணிட்டியே, கண்ணாலத்துப் பட்டுப் பொடவையாச்சே!"

"மூட்டைய எறக்கி வெய். நஷ்டத்தக் குடுத்துட்டுப் போ."

அவர் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சாமி, நான் முழுங்கிட்டேன் சாமி. எனக்கு ஜன்னலே இல்லியே, நான் எங்க துப்புவேன்?"

"டிரைவர் மேல சாஞ்சி துப்பியிருப்ப."

ஒருவன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். இன்னொருவன் மூட்டையை இழுத்தான். நான் கண்ணாடியில் டிரைவரைப் பார்த்தேன். அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

தங்கைகளே, இந்த வேலையில் யோசிக்க நேரம் கிடைக்காது. கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாமே மனதுக்குள் வந்து நிற்கும். தினமும் காலையிலிருந்து இருட்டும்வரை அவரும் நானும் ஒரே வண்டி. கூட்டத்தில் எவனாவது என்மேல் உரசினால், நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் பிரேக் போடுவார். அந்த வாந்தி நாளில் எனக்காக மண் அள்ளியவர். இந்த மூட்டைக்காரரை நான் மறுபடி பார்க்கப் போவதும் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது.

விசிலை ஊதினேன். பேசுகிற சத்தம் எடுபடாது என்று நீளமாக ஊதினேன். வண்டி நின்றது.

"அவர வுடுங்க. அவர் துப்பல. டிரைவர்தான் துப்பினாரு."

சட்டையைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். டிரைவரின் சட்டையைப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. காக்கிச் சட்டை. அவரை அடித்தால் பஸ்ஸை யார் ஓட்டுவது?

டிரைவர் திரும்பினார். மெதுவாகத்தான் பேசினார். "கண்டக்டரம்மா, இன்னா பேசற நீ? எவனோ லாரிக்காரன் துப்பிட்டுப் பூட்டான்னு சொன்னா முடிஞ்சி போச்சு. இத்தினி பேர் எதுருல..."

"லாரி எதுவும் வரலையேண்ணா."

அவர் முன்பக்கம் திரும்பினார். கியர் போட்டார். கடலை மூட்டைக்காரர் மட்டும், "நான்தான் முழுங்கிட்டேன்னு சொன்னேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினார்கள். செல்வி இறங்கவில்லை.

"அக்கா, நான் தனியா போயி சொன்னா மொதலாளி நம்ப மாட்டாரு. எங்க மாமியாருக்கு வெத்தல பழக்கம், அவருக்குத் தெரியும். வூட்ல வெச்சிதான் பாழ் பண்ணிட்டீங்கன்னுவாரு. அடுத்த பாவு குடுக்க மாட்டாரு. அவரே நிறுத்திட்டாருன்னா வேற யாரும் குடுக்க மாட்டாங்கக்கா. தறி சும்மாதான் நிக்கும்."

முதலாளி கடை இரண்டு தெரு தள்ளி. அடுத்த டிரிப்புக்கு ஜனங்கள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே நின்றார்.

"நீ போனா வண்டி லேட்டாவும். மெமோ வரும். உனக்குப் பரிஞ்சி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம்ணா" என்று சொல்லிவிட்டு, டைம் கீப்பரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெயிலில் செல்வி முன்னால் ஓடினாள், நான் பையை அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சீருடையில் ஒரு பெண் ஓடினால் தெருவே பார்க்கும். பார்த்தது.

முதலாளி கோபப்படுகிற மனிதர் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வெள்ளை விரிப்பின்மேல் புடவையை நீட்டச் சொன்னார். பார்த்ததும் செல்வியிடம், "வூட்ல பெரிசு கீதே, வெத்தல போடும்ல?" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். எந்த டிரிப், எந்த சீட், யார் துப்பியது எல்லாம். டிப்போவில் என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு புடவையின் மேல் குனிந்தார்.

"துளியெல்லாம் ஒரே பக்கமா வால் வெச்சிகினு கீது. காத்துல பறந்து வந்ததுதான். வூட்ல துப்பினா இப்டி இருக்காது." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க வந்து சொல்லலன்னா நான் இத்தினி நேரம் பாத்திருக்க மாட்டேம்மா. மடிச்சி குடுத்தனுப்பியிருப்பேன்."

செல்வி அப்போதுதான் கன்னத்தைத் துடைத்தாள். அதுவரை அந்தச் சிவப்போடுதான் நின்றிருந்தாள்.

"பாவு தரேன்" என்றார் முதலாளி. "ஆனா ஒண்ணு. இனிமே பஸ்ல வர்ற பொடவைய நான் வாங்கறதா இல்ல. எப்டியாவது கொண்டா. பஸ்ல மட்டும் வேணாம்."

என் முன்னால்தான் சொன்னார். காக்கிச் சீருடையோடு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். தேவிகாபுரத்திலிருந்து வேறு எதில் வருவாள்? செல்வியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மெமோ வந்தது. டிரிப் தாமதத்துக்குக் காரணம் கேட்டு எனக்கு வந்தது. எச்சிலுக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. பதில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அதை வாசித்துக் காட்டியபோது அம்மா, "இவ்ளோ நல்லா எழுதறியே, இதுக்கா திட்டினாங்க?" என்று கேட்டார்.

டிரைவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் எங்களுக்குள் விசில் மட்டும்தான். ஒன்று ஊதினால் நிற்பார், இரண்டு ஊதினால் கிளம்புவார். கூட்டத்தில் என்னை எவனாவது உரசினால் நானே முழங்கையால் பார்த்துக்கொள்ளப் பழகினேன்.

விஷயம் தறி வீடுகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. அந்த சீட் காலியாகவே வந்தது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவார்கள், அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள். வெளியூர் ஆள் யாராவது தெரியாமல் உட்கார்ந்தால் நாலு பக்கமும் குரல் வரும்: "யோவ், அங்க குந்தாத, அபிஷேகம் ஆயிடும்!" டிரைவர் காதில் விழும்படிதான் சொல்வார்கள். அவர் கழுத்து சிவக்கும். திரும்ப மாட்டார்.

இதற்கப்புறம் அவர் துப்புவதை விட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். விடவில்லை. சீட் காலியாகிவிட்டதால் அவருக்கு வசதியாகப் போயிற்று. முன்பு எப்போதாவது கையால் மறைத்துக்கொண்டாவது துப்புவார். இப்போது அதுவும் இல்லை. சீட்டே சிவந்துவிட்டது. ஜனங்களும் அந்த இடத்தில் கடலைத் தோலைப் போட ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே அசிங்கமான இடம்தானே. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி அலுத்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு இதுதானா என்று டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே யோசிப்பேன்.

அடுத்த பாவு நெய்து முடித்து செல்வி வந்தாள். அதே மதிய டிரிப், தேவிகாபுரத்திலேயே நல்ல கூட்டம். கையில் மல் துணி மூட்டை. நேராக முன்னால் போனாள். முந்தானையால் அந்த சீட்டைத் துடைத்தாள், கடலைத் தோலைத் தள்ளினாள், ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை பிரிக்கவில்லை.

"ஏ பொண்ணு, புத்தி கெட்டுப் போச்சா? அங்கயேவா?" என்றார் அன்றைக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டிய அம்மாள்.

நானும் கிட்டே போய், "செல்வி, பின்னாடி வா, எடம் வாங்கித் தரேன்" என்றேன்.

"வேணாங்கா. இங்க நான் குந்தினாதான் அவுரு துப்ப மாட்டாரு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கம்பிதான் இருந்தது.

டிரைவர் அப்போதுதான் வெற்றிலை போட்டு முடித்திருந்தார்.

இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் வழக்கம்போல அவர் தலை வலது பக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் மடியும் மூட்டையும் தெரிந்திருக்க வேண்டும். தலை திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் சாய்ந்தது, மறுபடியும் வந்தது. கன்னம் உப்ப ஆரம்பித்தது. ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேறு நாளாக இருந்தால் ஆட்டுக்காரனின் மூன்று தலைமுறையை இழுத்திருப்பார். அன்று "ம்ம்ம்" என்றார், அவ்வளவுதான். ஒரு லாரி மோதுவதுபோல் வந்து ஒதுங்கியது. அதற்கும் "ம்ம்ம்"தான். பஸ்ஸில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகையிலை காரம்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியதும், செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிச் சுவரோரச் சாக்கடைக்கு ஓடினார். துப்பினார். பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்தார், இரண்டு தடவை. திரும்பி வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்றார். கால் சுட்டிருக்கும், நகரவில்லை. செல்வி இறங்கட்டும் என்று நின்றார்.

"பாத்து எறங்கும்மா" என்றார். "படி வழுக்கும்."

செல்வி தலையாட்டிவிட்டு நடந்தாள். எதில் வந்தாய் என்று முதலாளி கேட்டிருப்பார். என்ன சொன்னாளோ, பாவு நிற்கவில்லை.

அவள் தெரு திரும்பும்வரை டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "இன்னா நிக்கற கண்டக்டரம்மா, ஜல்தி ஏறு. லேட்டானா உனக்குத்தானே மெமோ குடுக்கறானுங்க" என்றார்.

செல்வி வராத நாட்களில் அவர் துப்பினாரா என்று கேட்பீர்கள். துப்பினார். பழக்கம் அப்படிப் போகாது. அதனால் நான் ஒன்று செய்தேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன். கூட்டம் ஏறியதும் பின்னால் போகாதீர்கள். முதல் டிக்கெட்டை டிரைவருக்குப் பின் சீட்டில் கிழியுங்கள். காலியாக இருந்தால் யாரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள். மடியில் ஏதாவது வைத்திருப்பவராகப் பாருங்கள்.